எழுத்தர் வீட்டுப் பிள்ளை

எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நான் எழுத்தர். 19 ஆண்டுகளாகப் பேரேடும் ரசீதுப் புத்தகமும்தான் பிழைப்பு. நகைக்கடன் வாங்க வருகிறவர் கைநாட்டு வைப்பவராக இருந்தால், படிவத்தில் இருப்பதை வாசித்துக் காட்டாமல் பெருவிரலில் மை தொட விடமாட்டேன். "என்ன ஏது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட நான், 2023 ஏப்ரலில், என் மகனைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும் கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான். முதல்வர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பிளக்ஸ். முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளின் படங்கள், கீழே கொட்டை எழுத்தில் '100% தேர்ச்சி'. முதல்வர் கோபப்படவில்லை, காபி வேண்டுமா என்றுகூடக் கேட்டார். "பத்தாம் வகுப்பில் இங்கே பளு அதிகம் அம்மா. இவன் தாங்க மாட்டான். நெருக்கடி இல்லாத பள்ளியாகப் பார்த்துச் சேர்த்தால் இவனுக்குத்தான் நல்லது." நீக்குகிறோம் என்ற சொல் அந்த அரை மணி நேரத்தில் ஒரு முறைகூட வரவில்லை.

பிறகு அலுவலகத்தில் ஒருவர் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்தார். "குடும்பச் சூழல் காரணமாக என்று போடுங்கள், அதுதான் வழக்கம்" என்றார். போட்டேன். அவர் சொல்லாமல் விட்ட 'பொருள்' வரியையும் நானே சேர்த்து, அடிக்கோடும் இட்டேன். பழக்கதோஷம். மே மாதம் மூன்றாம் பருவக் கட்டணப் பாக்கியைக் கட்டியபின் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தபோது, பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று இருந்தது.

அதன் பிறகு எந்த அலுவலகத்தில் நான் நியாயம் கேட்டாலும் என் முன்னால் வந்து விழுந்தது அந்தக் கடிதம்தான். மாவட்டத்தில் தனியார் பள்ளிகளைப் பார்க்கும் கல்வி அலுவலரிடம் புகார் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து போனில் ஒருவர், "பள்ளியில் விசாரித்தோம், நீங்களே எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டினார்கள், கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று கேட்டார். என்னுடையதுதான். மணிமணியான கையெழுத்து என்று சங்கத்தில் பெயர் வாங்கியது.

அதனால் மற்ற எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை வேறு பள்ளிக்கு அழைத்துப்போங்கள் என்று யாராவது சொன்னால், "அதை எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். தர மாட்டார்கள். பரவாயில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கே நீங்கள் எழுதுங்கள்: 'இன்று காலை 11 மணிக்குத் தங்கள் அறையில் என்னிடம் வாய்மொழியாக இவ்வாறு கூறினீர்கள். இதில் எனக்குச் சம்மதம் இல்லை. என் மகன் இங்கேயே படிப்பைத் தொடர விரும்புகிறேன்.' ஒப்புகை கேட்டுத் தபாலில் அனுப்புங்கள். 2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள், ஆனால் ஒப்புகை வாங்கும் வசதி இருக்கிறது. பதில் வராவிட்டாலும், நீங்களாகப் போகவில்லை என்பதற்கு அந்தத் தாள் ஒன்று போதும்.

என் மகனுக்கு என்ன பிரச்சினை என்பதை நானே பதினைந்து வயது வரை புரிந்துகொள்ளவில்லை. பள்ளியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அது பொய்யாகிவிடும்.

அவன் பேசுவான், நன்றாகவே பேசுவான். திருக்குறளைக் காதால் கேட்டே மனப்பாடமாகச் சொல்வான். இரண்டு பவுன் நகைக்கு வட்டி எவ்வளவு என்று நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் சொல்லிவிடுவான். தாளில் எழுதச் சொன்னால் வேறு பையன். 'பள்ளி' என்பது 'பல்லி' ஆகும். அடுத்த வரியில் அதே சொல் 'பளி' ஆகும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்பது அவனுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற விஷயம். ஒற்றைக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவான். 'கெ' என்று சொல்லும்போது முதலில் வருவது ககர ஒலிதானே, கொம்பு ஏன் முன்னால் வர வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு முதுகில் ஒன்று வைத்தேன்.

பள்ளி நாட்குறிப்பில் சிவப்பு மையில் 'கவனம் இல்லை', 'அக்கறை இல்லை', 'பெற்றோர் கவனிக்கவும்' என்று ஐந்து ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தவறான சொல்லையும் 20 முறை எழுதி வரச் சொல்வார்கள். இரவு ஒன்பதரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவான். பன்னிரண்டாவது வரியில் சொல் தானாகவே வேறொன்றாக மாறியிருக்கும். அழித்துவிட்டு மறுபடியும் எழுதச் சொல்வேன். "கை வலிக்கிறதம்மா" என்பான். "எனக்கு வலிக்காத கையா உனக்கு வலிக்கிறது, நாள் முழுக்க நான் எழுதவில்லையா?" என்று கேட்டிருக்கிறேன். எழுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்று சங்கத்துக்குக் கடன் வாங்க வருகிறவர்வரை கேலி பேசினார்கள். என் கோபத்தில் பாதி அந்தக் கேலிக்கு.

கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளிமாநிலம். அவர் மட்டும், "அவனுக்கு வேறு ஏதோ இருக்கிறது, அடிக்காதே" என்று போனில் சொல்வார். படிக்காதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சொல்லப்பட்ட 21 குறைபாடுகளில் ஒன்று கற்றல் குறைபாடு. வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா அதில் அடங்கும். அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் இந்தக் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்றபடி கற்பிக்க வேண்டும் என்று அதன் 16-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் வந்தபோது என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். அதன் பிறகும் சிவப்பு மை செலவழித்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களில் இரண்டு மூன்று பேர் அவன்மேல் பிரியமாகவே இருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களும் தேடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 6 முதல் 14 வயதுவரை, அதாவது எட்டாம் வகுப்புவரை. பள்ளிகள் பிள்ளைகளை வடிகட்டுவது ஒன்பதில். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆனால் 2016 சட்டத்தின் அந்த 16-ஆவது பிரிவில் வகுப்பு வரம்பு எதுவும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் உங்களைக் கூப்பிட்டால் பேச வேண்டியது இதை வைத்துத்தான். நான் பேசவில்லை, எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு வெயில் காரணமாகப் பள்ளிகள் ஜூன் 12 அன்று திறந்தன. பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். பத்தாம் வகுப்புக்குப் புதிய பிள்ளையை யாரும் விரும்பிச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கும் தேர்ச்சி விழுக்காடு உண்டு. தலைமையாசிரியை சான்றிதழைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், "உட்காரு" என்றார். அவ்வளவுதான் சேர்க்கை. ஆனால் எமிஸ் என்று ஒன்று இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு. தமிழ்நாட்டில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் எண். பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து பெயரை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்குத் தள்ளினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். காகிதத்தில் அனுப்பிவிட்டார்கள், கணினியில் அனுப்பவில்லை. ஜூலை மாதம்வரை என் மகன் எந்தப் பள்ளியிலும் இல்லாமல், ஒரு பள்ளியின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றைக்கே, "எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?" என்று கேட்டு, திரையைப் பார்த்த பிறகு படியிறங்குங்கள்.

கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் இதில் தெளிவாகவே சொல்லிவிட்டது: மாற்றுச் சான்றிதழ் என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி பற்றிக் குறிப்பு எழுதவும் கூடாது.

புதிய பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் இரண்டாவது வாரத்தில் என்னைக் கூப்பிட்டார். "வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான் அம்மா. எழுத்தில் வரவில்லை. பழைய நோட்டுகள் இருக்கின்றனவா?" என்றார். இல்லை. ஒவ்வோர் ஏப்ரலிலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் பஜ்ஜி வாங்கித் தின்றிருக்கிறோம். அவன் கையெழுத்து எப்படிப் போயிருக்கிறது என்று காட்ட ஒரு பக்கம் இல்லை. வகுப்புக்கு ஒரு நோட்டாவது எடுத்து வையுங்கள். பரிசோதிக்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்த ஆசிரியர் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் சொல்ல, அவர் வழியாக மருத்துவமனை, அங்கே உளவியலாளர். மருத்துவமனை வரிசையில் முன்னால் இருந்தவர் என் மகனை ஏற இறங்கப் பார்த்து, "இவனுக்கு என்ன, கல்லு மாதிரி நிற்கிறானே?" என்றார். சீட்டு எழுதும் இடத்திலும் கிட்டத்தட்ட அதையே கேட்டார்கள். நான்கு முறை நடந்தோம். ஒரு முறை மருத்துவர் விடுப்பு, ஒரு முறை படிவம் தீர்ந்துவிட்டது. கடைசியில் சோதனை செய்த அந்தப் பெண் இரண்டு நாள், மொத்தம் ஐந்து மணி நேரம் அவனோடு உட்கார்ந்தார். முடிந்ததும், டிஸ்லெக்சியாதான் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "இவன் இதுவரை தாக்குப்பிடித்ததே பெரிது" என்றார். மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவன் பக்கத்தில் நின்று என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தான்.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இது இருந்ததாம் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம்: வேண்டாம். என் பிள்ளை விஞ்ஞானி ஆகத் தேவையில்லை. மூன்று மணி நேரத்தில் கேள்விக்குத் தெரிந்த பதிலைத் தாளில் இறக்கினால் போதும்.

அதற்குச் சலுகை இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஓர் ஆசிரியர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு. விலக்கு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான், மற்ற இரண்டையும் கேட்டோம். மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக மேலே போக வேண்டும். எட்டு வயது முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்பதால், பத்தாம் வகுப்புவரை காத்திருக்காதீர்கள். எங்களைப்போல ஆகஸ்டில் தொடங்கினால் ஒவ்வொரு வாரமும் தொண்டையில் வந்து நிற்கும்.

அக்டோபரில் விண்ணப்பம் போனது. நவம்பரில் கேட்டேன், "மேலே அனுப்பிவிட்டோம்." டிசம்பரில் கேட்டேன், "மேலே இருந்து வரவில்லை." மேலே என்பது எந்த மாடி என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படிச் சொல்வது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். பயிர்க்கடன் தள்ளுபடிப் பட்டியலில் பெயர் விடுபட்டு வந்த ஒரு பெரியவரை, "மத்திய கூட்டுறவு வங்கிக்குப் போயிருக்கிறது ஐயா, அடுத்த வாரம் வாருங்கள்" என்று மூன்று வாரம் நடக்க விட்டிருக்கிறேன். போயிருக்கிறதா என்று நான் பார்க்கவேயில்லை. கவுன்டரின் இந்தப் பக்கம் நிற்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

ஆனால் உள்ளே இருப்பவளுக்கு உள்ளே இருப்பவர்கள் எதற்கு அசைவார்கள் என்பதும் தெரியும். பெரிய அதிகாரியைப் பார்த்து முறையிட்டுப் பெரிதாக ஒன்றும் நடக்காது. அவர் தலையசைப்பார், தாள் கீழே போகும். கேட்க வேண்டியது ந.க. எண், அதாவது வந்த தாளுக்கு அலுவலகப் பதிவேட்டில் போடும் எண். எந்தப் பிரிவு, அ3-யா ஆ2-வா என்று கேளுங்கள். அந்த எண் இருக்கும் தாளை ஓர் எழுத்தரால் தொலைக்க முடியாது. எண் இல்லாத தாள் தாளே அல்ல. எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் கொடுங்கள், அங்கே மனு எண் கிடைக்கும்.

எனக்கு ந.க. எண்ணும் கிடைக்கவில்லை. ஜனவரி முதல் வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். வெள்ளைத் தாள், 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை, 'பொதுத் தகவல் அலுவலர்' என்று முகவரி. இந்த மனுவில் எல்லோரும் செய்யும் தவறு, 'ஏன் தாமதம்?' என்று கேட்பது. ஏன் என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். நான் கேட்டவை நான்கு. இந்தத் தேதியிட்ட என் விண்ணப்பத்தின் ந.க. எண் என்ன? எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பிரிவுக்குச் சென்றது? இன்று எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருக்கிறது? கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீடு வரை போகவில்லை. மனு போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் பள்ளிக்குப் போன் வந்தது. விண்ணப்பத்தில் மருத்துவச் சான்றின் ஒரு பக்கம் ஒட்டாமல் விட்டுப்போயிருந்ததாம். அதனால் ஓரமாக வைத்திருந்தார்களாம். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தோம். பிப்ரவரியில் அனுமதி வந்தது.

தேர்ச்சி பெற்றானா என்று கேட்பீர்கள். பெற்றான். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். மதிப்பெண்ணைச் சொல்வதாக இல்லை, அதைச் சொல்ல ஆரம்பித்தால் நானும் ஒரு பிளக்ஸ் அடிக்க வேண்டியிருக்கும்.

2024 மார்ச் 26, முதல் நாள் தேர்வு தமிழ். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தேர்வு மையத்து வாசலில் புளியமரத்தடியில் நின்றேன். ஒன்றேகாலுக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் சாரிசாரியாக வெளியே வந்தார்கள். கேள்வித்தாளை விசிறியாக்கிக்கொண்டு, ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அரை மணி நேரத்தில் தெரு காலி. ஐஸ் வண்டிக்காரரும் கிளம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தன் மகளை வண்டியில் ஏற்றியபடி, "உங்கள் பையன் இன்னும் வரவில்லையா?" என்று கேட்டார். "அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்றேன். சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

இரண்டேகாலுக்கு வெளியே வந்தான், தனியாக, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டு. எப்படி எழுதினாய் என்று கேட்க வாயெடுத்து, எழுதியது அவன் இல்லையே என்று நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே மடக்கில் பாதியைக் குடித்தான்.

"பாவம் அம்மா அந்த மிஸ்" என்றான். "நெடுவினாவில் நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேனா, அவர்களுக்குக் கை வலித்துவிட்டது."